ராக்கெட் நாசிலின் வடிவமும் இன்ஜினின் பாதுகாப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராக்கெட் இன்ஜினின் வாலில் கோயில் மணியைத் தொங்கவிட்டது போலத் தெரியும் பகுதிக்கு நாசில் என்று பெயர். அதன் வடிவத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் உந்துவிசையோடு முடிந்துவிடுகிறது. அதே வடிவம் இன்ஜினை உடையாமல் காப்பாற்றுவதும், சில சமயம் உடைப்பதும் எப்படி என்று மாணவர்களும் ஆர்வலர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதப்பட்டுள்ளது.

நாசில் என்பது வெப்ப வாயு வெளியேறும் வழிதானே? அதில் பாதுகாப்புக்கு என்ன வேலை?

வெளியேறும் வழி என்பது சரி. ஆனால் அந்த வழியின் அகலத்தைப் பொறுத்தே எரி அறைக்குள் இருக்கும் அழுத்தம் அமைகிறது. சுமார் 3,300 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள வாயுவைச் சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள உலோகச் சுவர் தாங்கி நிற்கிறது. அதன் ஒரு பக்கம் அனல், மறுபக்கம் சில இன்ஜின்களில் மைனஸ் 253 டிகிரியில் உள்ள திரவ ஹைட்ரஜன். இந்தச் சுவர் எங்கே எவ்வளவு வளைகிறது என்பதைப் பொறுத்து அதன் மேல் விழும் வெப்பமும் அழுத்தமும் இடத்துக்கு இடம் மாறுகின்றன. உந்துவிசையை மட்டும் கணக்கிடுபவர் வாயிலில் வெளிவரும் வாயுவின் வேகத்தைப் பார்க்கிறார். பாதுகாப்பைக் கணக்கிடுபவர் சுவர் நெடுகிலும் உள்ள அழுத்தத்தைப் பார்க்கிறார். நல்ல வடிவமைப்பாளர் இரண்டாவது கணக்குக்காக முதலாவதில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார். கீழே வரும் விடைகள் பலவற்றில் இந்த விட்டுக்கொடுத்தலைக் காணலாம்.

முதலில் குறுகி, பிறகு விரிவது ஏன்?

ஒலியைவிட மெதுவாக ஓடும் வாயு, பாதை குறுகக் குறுக வேகமெடுக்கும். ஒலியைவிட வேகமாக ஓடும் வாயு, பாதை விரிய விரிய வேகமெடுக்கும். இரண்டும் சந்திக்கும் மிகக் குறுகிய இடமே தொண்டை. அங்கே வேகம் சரியாக ஒலியின் வேகமாக இருக்கும். சுவீடன் நாட்டுப் பொறியாளர் குஸ்தாவ் டி லாவால் 1880களில் நீராவிச் சுழலிக்காக இந்த அமைப்பைப் பயன்படுத்தினார். அமெரிக்க ராக்கெட் முன்னோடி ராபர்ட் காடார்ட் அதை ராக்கெட்டுக்குக் கொண்டு வந்தார்.

தொண்டையின் அளவில் சிறிய மாற்றம் நேர்ந்தால் என்ன ஆகும்?

திட எரிபொருள் மோட்டாரை எடுத்துக்கொண்டால் இதன் ஆபத்து நன்றாகப் புரியும். அங்கே எரிபொருள் எவ்வளவு வேகமாக எரிய வேண்டும் என்பதை எந்த வால்வும் கட்டுப்படுத்துவதில்லை. அறையின் அழுத்தமே கட்டுப்படுத்துகிறது. தொண்டை குறுகினால் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் எரிபொருள் இன்னும் வேகமாக எரியும். அது மேலும் வாயுவை உண்டாக்கி அழுத்தத்தை இன்னும் ஏற்றும். எரியும் வேகம் அழுத்தத்தின் 0.35 அடுக்கோடு மாறும் ஓர் எரிபொருளுக்குத் தொண்டைப் பரப்பு 10 சதவீதம் குறைந்தால் அழுத்தம் ஏறத்தாழ 18 சதவீதம் உயர்கிறது. அந்த அடுக்கு 0.7 ஆக இருந்தால் அதே 10 சதவீதக் குறைவுக்கு அழுத்தம் 42 சதவீதம் உயர்கிறது. உள்ளேயிருந்து பெயர்ந்த ஒரு துண்டு தொண்டையில் ஒரு கணம் சிக்கினாலே மோட்டாரின் உறை வெடிக்கக்கூடும் என்று சொல்வதன் கணக்கு இதுதான். வீட்டிலேயே நாசில் கடைந்து எரித்துப் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதுவே விடை: வேண்டாம். கணினியில் எத்தனை வடிவங்களை வேண்டுமானாலும் வரைந்து பாருங்கள்.

தொண்டை தேய்ந்து அகன்றால் நேர்மாறாக அழுத்தமும் உந்துவிசையும் குறையும். அது உடனடியாக வெடிக்காது என்பதால் குறைவான ஆபத்து என்று தோன்றலாம். ஆனால் தேய்மானம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக நடப்பது அரிது.

கூம்பு வடிவம் பாதுகாப்பானதா, மணி வடிவம் பாதுகாப்பானதா?

கூம்பு செய்வதற்கு எளிது. அதன் ஓட்டத்தை முன்கூட்டிக் கணிப்பதும் எளிது. அரைக்கோணம் 15 டிகிரி என்பது நெடுங்காலமாகப் பழகிய அளவு. வாயு பக்கவாட்டில் சிதறி வெளியேறுவதால் அதில் சுமார் 1.7 சதவீத உந்துவிசை வீணாகிறது. ஜெர்மனியின் வி-2 ராக்கெட்டில் இருந்தது கூம்புதான். 1958-இல் பொறியாளர் ஜி. வி. ஆர். ராவ் வெளியிட்ட கணக்கீட்டு முறை இந்தக் களத்தை மாற்றியது. தொண்டையை அடுத்துச் சுவரைச் சட்டென்று அகல விரித்து, பிறகு மெல்ல உள்நோக்கி வளைத்து, வாயுவை ஏறக்குறைய நேராக வெளியேற்றுவது அவருடைய வழி. ஒப்பான கூம்பின் நீளத்தில் 80 சதவீதம் மட்டுமே கொண்ட மணி, அந்தக் கூம்பைவிடக் கூடுதலான உந்துவிசையைத் தருகிறது. நீளம் குறைந்தால் எடை குறையும், குளிர்விக்க வேண்டிய சுவரும் குறையும். இவை பாதுகாப்புக்கும் சாதகமானவையே.

இதற்கு ஒரு விலையும் உண்டு. சட்டென்று விரித்த சுவரைத் திரும்ப வளைக்கும்போது வாயுவுக்குள்ளேயே ஓர் அதிர்வலை (அழுத்தம் திடீரென்று எகிறும் மெல்லிய எல்லை) பிறக்கிறது. இன்ஜின் முழு வேகத்தில் ஓடும்போது அதனால் பெரிய தொல்லை இல்லை. தொடங்கும்போதும் நிற்கும்போதும் அது வேறு முகம் காட்டும். அது பக்கவாட்டு விசையைப் பற்றிய விடையில் வருகிறது. உந்துவிசையை மட்டும் குறிவைக்காமல், உள் அதிர்வலையே பிறக்காத சீர்வடிவத்தை முழு நீளத்துக்கு வரைந்துவிட்டுக் கீழ்ப்பகுதியை வெட்டிக் குறுக்கும் முறையும் உண்டு. அது சற்றே நீளமானது, ஆனால் அமைதியானது. தரையிலிருந்து கிளம்பும் இன்ஜினுக்கு நான் முதலில் பரிசீலிக்கச் சொல்வது இந்த வடிவத்தைத்தான்.

நாசிலை எவ்வளவு வேண்டுமானாலும் அகலப்படுத்தலாமா?

வெற்றிடத்தில் மட்டும் இயங்கும் இன்ஜினுக்கு எடையும் இடமும்தான் வரம்பு. காற்றுள்ள இடத்தில் இயங்கும் இன்ஜினுக்கு வேறொரு வரம்பு முன்னே வந்து நிற்கிறது. வாயு விரிய விரிய அதன் அழுத்தம் இறங்குகிறது. வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் கீழே போன பிறகும் ஓரளவு தூரம் சுவரை ஒட்டியே ஓடும். சுவரில் அழுத்தம் வெளி அழுத்தத்தின் ஏறத்தாழ 0.4 பங்குக்கு இறங்கும்போது, சுவரை ஒட்டியுள்ள மெதுவான படலத்தால் எதிர் அழுத்தத்தைத் தாங்க முடியாமல் ஓட்டம் சுவரை விட்டுப் பிரிகிறது. இது சம்மர்பீல்டின் பெயரால் வழங்கும் பழைய அளவுகோல். துல்லியமானது அன்று, ஆனால் முதல் மதிப்பீட்டுக்கு இன்றும் கைகொடுக்கிறது.

இஸ்ரோவின் சிஇ20 கிரையோஜெனிக் இன்ஜினை இதில் பொருத்திப் பாருங்கள். அதன் வாயில் பரப்பு தொண்டைப் பரப்பைப் போல 100 மடங்கு. வாயிலில் அழுத்தம் சுமார் 50 மில்லிபார். கடல்மட்டக் காற்றழுத்தம் 1,013 மில்லிபார் என்பதால், மேலே சொன்ன அளவுகோலின்படி 400 மில்லிபாரை ஒட்டியே ஓட்டம் பிரிந்துவிட வேண்டும். அதாவது வாயிலுக்கு வெகு தூரம் முன்பே. பிரியும் இடத்தில் கடும் அதிர்வும் வெப்பத் தாக்கமும் ஏற்பட்டு நாசில் சிதையலாம். அதனால் இத்தகைய இன்ஜின்களை உயர்வானத்து அழுத்தத்தைச் செயற்கையாக உண்டாக்கும் நிலையத்தில் வைத்து எரிப்பார்கள். அது செலவும் சிக்கலும் மிகுந்த ஏற்பாடு. 2024 நவம்பர் 29 அன்று மகேந்திரகிரியில் நாசிலுக்குத் தனியாக ஒரு பாதுகாப்பு அமைப்பைப் பொருத்தி, சிஇ20 இன்ஜினைக் கடல்மட்ட அழுத்தத்திலேயே எரித்துச் சோதித்தார்கள்.

ஓட்டம் பிரிந்தால் உந்துவிசை குறையும், அவ்வளவுதானே? அது எப்படி இன்ஜினை உடைக்கும்?

எல்லாப் பக்கமும் ஒரே உயரத்தில் பிரிந்தால் உடைக்காது. அப்படிப் பிரிவதில்லை என்பதுதான் சிக்கல். இன்ஜினைப் பற்றவைத்த முதல் சில வினாடிகளில் அறையின் அழுத்தம் ஏற ஏற, பிரியும் கோடு தொண்டைப் பக்கமிருந்து வாயிலை நோக்கி இறங்கி வருகிறது. அந்தக் கோடு வட்டமாக நிற்காமல் அலைபாய்கிறது. ஒரு பக்கம் கீழேயும் மறு பக்கம் மேலேயும் இருக்கும் கணத்தில், ஒரு பக்கச் சுவரில் வெளிக்காற்றின் அழுத்தமும் எதிர்ப்பக்கச் சுவரில் மிகக் குறைந்த அழுத்தமும் நிலவுகின்றன. பல சதுர மீட்டர் பரப்புள்ள சுவரில் இந்த வேறுபாடு டன் கணக்கில் பக்கவாட்டு விசையாக மாறி, நாசிலையும் அதைத் தாங்கும் மூட்டையும் உலுக்குகிறது. அமெரிக்க விண்ணோடத்தின் (ஸ்பேஸ் ஷட்டில்) முதன்மை இன்ஜின் பற்றுவதை மெதுவாக ஓட்டிக் காட்டும் காணொளிகளில், முதல் சில வினாடிகளில் நாசிலின் விளிம்பு நீள்வட்டமாக நெளிவதையும், பிறகு தழல் நேராகி விளிம்பு அடங்குவதையும் கண்ணாலேயே காணலாம். 1979-இல் நடந்த நிலச் சோதனைகளில், இந்த நாசிலின் அடிப்பகுதிக்கு ஹைட்ரஜனைக் கொண்டுசெல்லும் கொம்பு போல் வளைந்த குழாய் உடைந்தது; தொடங்கும், நிற்கும் நேரத்துப் பக்கவாட்டு விசைகள் அதில் எதிர்பார்த்ததைவிட அதிகமான தகைவை (பொருளுக்குள் எழும் இறுக்கத்தை) உண்டாக்கியிருந்தன.

பிரிந்த ஓட்டத்திலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் பிரிந்த வாயு சுவரைத் திரும்பிப் பார்க்காமல் வெளியேறுகிறது. மற்றொன்றில் பிரிந்த வாயு சற்றுக் கீழே மீண்டும் சுவரில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டும் இடத்தில் அழுத்தமும் வெப்பமும் திடீரென்று உயர்கின்றன. இந்த இரண்டாவது வகை 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜே-2எஸ் இன்ஜினின் சிறிய மாதிரி நாசில்களில் தெரியவந்தது. கூம்பு, மணி பற்றிய விடையில் சொன்ன உள் அதிர்வலை உள்ள மணிகளில்தான் இது நேர்கிறது. ஏனெனில் நடுவில் உருவாகும் தொப்பி போன்ற அதிர்வலை வாயுவை வெளிப்புறமாகச் சுவரை நோக்கித் தள்ளுகிறது. ஓட்டம் ஒரு வகையிலிருந்து மற்ற வகைக்குத் தாவும் கணத்தில் பக்கவாட்டு விசை உச்சத்தைத் தொடுகிறது. ஜப்பானின் எல்இ-7ஏ இன்ஜினிலும் தொடக்க–நிறுத்த நேரங்களில் பெரிய பக்கவாட்டு விசைகள் தெரியவந்ததால், 2001-இல் பறந்த முதல் எச்-2ஏ ராக்கெட்டில் நாசிலின் கீழ்ப்பகுதியைத் தவிர்த்துக் குட்டை நாசிலோடு பறக்கவிட்டார்கள்.

இதைத் தடுக்க வடிவத்தில் என்ன செய்ய முடியும்?

விண்ணோட இன்ஜினில் செய்ததே அழகான எடுத்துக்காட்டு. முதலில் வரைந்த வடிவில் அதன் பரப்பு விகிதம் (வாயில் பரப்பு தொண்டைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு என்பது) 77.5. கடல்மட்டத்தில் இவ்வளவு பெரிய விகிதத்துக்கு ஓட்டம் பிரிந்தாக வேண்டும். வடிவமைப்பாளர்கள் விளிம்பை நெருங்கும் பகுதியில் சுவரின் கோணத்தைக் குறைத்து, வாயுவைச் சற்றே உள்ளே மடக்கினார்கள். மடக்கிய இடத்தில் அழுத்தம் ஏறும்: வாயிலின் நடுவில் சுமார் 14 கிலோபாஸ்கல் இருக்கும்போது விளிம்பை ஒட்டி 32 முதல் 39 கிலோபாஸ்கல் வரை இருந்தது. ஏறத்தாழ 40 கிலோபாஸ்கல் (முன்பு சொன்ன 400 மில்லிபார்) என்ற எல்லையை எட்டிப் பிடிக்கும் அளவுக்கு மட்டுமே ஏற்றி, ஓட்டத்தைச் சுவரோடு ஒட்ட வைத்தார்கள். உந்துவிசையில் சிறு பகுதியை விளிம்பில் செலவழித்து இன்ஜினைக் காப்பாற்றினார்கள் என்று இதைச் சொல்லலாம்.

மற்ற வழிகள் எளிமையானவை. விகிதத்தைக் குறைக்கலாம், சுவரைச் சுற்றிப் பட்டைகள் பொருத்தி விறைப்பை ஏற்றலாம். விறைப்பு இல்லையேல் சுவர் நெளிவதே ஓட்டத்தை மேலும் கோணலாக்கி, கோணலான ஓட்டம் சுவரை மேலும் நெளிக்கும். அறையின் அழுத்தத்தை விரைவாக ஏற்றி, ஆபத்தான இடைநிலையை இன்ஜின் சட்டென்று கடக்கும்படி தொடக்க வரிசையை அமைக்கலாம்.

வெப்பம் மிகுதியாகத் தாக்குவது எந்த இடத்தில்?

தொண்டையில், இன்னும் கவனமாகச் சொன்னால், தொண்டைக்குச் சற்று மேலே. அங்கேதான் ஓர் அலகுப் பரப்பின் வழியே மிகுதியான வாயு பாய்கிறது. அறையின் அழுத்தத்தை இருமடங்காக்கினால் சுவருக்குள் பாயும் வெப்பம் சுமார் 1.7 மடங்காகிறது. தொண்டையின் மேற்புற வளைவின் ஆரத்தைத் தொண்டை ஆரத்தைப் போல 1.5 மடங்காகவும், கீழ்ப்புற வளைவை 0.382 மடங்காகவும் வைப்பது ராவின் வடிவத்தில் வழக்கம். மேற்புற வளைவைக் கூர்மையாக்கினால் நீளம் மிச்சமாகும், ஆனால் வெப்பத் தாக்கம் ஒரு சிறு வளையத்தில் குவியும். பரந்த வளைவாக்கினால் உச்சம் தணியும், ஆனால் குளிர்விக்க வேண்டிய பரப்பு கூடும்.

குளிர்விக்கும் குழாய்களில் சில மட்டும் பழுதானால் இன்ஜின் தாங்குமா?

இருவேறு விடைகள் வரலாற்றிலேயே உள்ளன. 1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்ணோடம் கிளம்பியபோது, ஓர் இன்ஜினின் உட்புறத்திலிருந்து தெறித்த சிறிய ஊசி நாசில் சுவரில் மோதி மூன்று குளிர்விப்புக் குழாய்களைக் கிழித்தது. அந்தச் சுவர் 1,080 மெல்லிய குழாய்களைப் பக்கம் பக்கமாக அடுக்கி இணைத்தது. ஹைட்ரஜன் கசிந்தபடியே இன்ஜின் ஓடி முடித்தது. திரவ ஆக்சிஜன் முன்கூட்டியே தீர்ந்ததால் திட்டமிட்ட வேகத்தில் வினாடிக்கு சுமார் 5 மீட்டர் மட்டுமே குறைந்தது.

2002 டிசம்பர் 11 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 இசிஏ ராக்கெட்டின் முதல் பயணம் வேறு விதமாக முடிந்தது. வல்கெய்ன் 2 இன்ஜினின் நாசில் குழாய்களில் விரிசல் விழுந்து குளிர்விப்பு குறைந்தது. சூடேறிய சுவர் வலுவிழந்து நெளிந்தது. ஏறத்தாழ மூன்றாவது நிமிடத்தில் ராக்கெட் கட்டுப்பாட்டை இழந்து, இரண்டு செயற்கைக்கோள்களோடு அழிந்தது. பறக்கும்போது நாசிலைத் தாக்கும் விசைகளை முழுமையாக வரையறுக்கவில்லை என்பதையும் விசாரணைக் குழு ஒரு காரணமாகக் குறிப்பிட்டது. தரைச் சோதனையில் வெளிக்காற்று சுவரை உள்ளே அழுத்துகிறது. உயரே போனால் அந்த அழுத்தம் இல்லை. தரையில் தேறிய சுவர் மேலேயும் தேறும் என்று கருத முடியாது. குளிர்விப்பைக் கூட்டி, சுவரை வலுப்படுத்தி, 2005 பிப்ரவரியில்தான் அது மீண்டும் பறந்தது.

திட எரிபொருள் மோட்டார்களில் குளிர்விப்பே கிடையாது. அவை எப்படித் தாக்குப்பிடிக்கின்றன?

தேய்ந்துகொண்டே தாக்குப்பிடிக்கின்றன. உட்புறக் கார்பன் உறை கருகி, அரிந்து, வெப்பத்தைத் தன்னோடு எடுத்துப் போகிறது. எத்தனை மில்லிமீட்டர் தேயும் என்று கணக்கிட்டு அதற்கு மேல் உபரித் தடிமன் வைப்பார்கள். எரிபொருளில் உள்ள அலுமினியம் எரிந்து உண்டாகும் அலுமினா துளிகள் வாயுவோடு வளையாமல் நேராகப் பாய்ந்து சுவரில் மோதுவதால், தொண்டையை அடுத்து ஓட்டத்தைத் திருப்பும் கோணத்தை மிகவும் அடக்கமாக வைக்க வேண்டும்.

கணக்கு தப்பிய இடங்கள் பல. 1983-இல் விண்ணோடத்தின் எட்டாவது பயணத்துக்குப் பிறகு மீட்ட பூஸ்டரில் நாசில் உறை அநேகமாகத் துளைபடும் அளவுக்கு அரிக்கப்பட்டிருந்தது. 2003 நவம்பர் 29 அன்று எச்-2ஏ ராக்கெட்டின் ஒரு பூஸ்டரில் நாசில் சுவர் ஓரிடத்தில் மட்டும் ஆழமாக அரிக்கப்பட்டு அனல் வெளியே கசிந்தது. அது பூஸ்டரைப் பிரிக்கும் வெடிநாணைப் பொசுக்கியதால் பூஸ்டர் பிரியாமல் தொங்க, எடை மிகுந்துபோன ராக்கெட்டைத் தரையிலிருந்தே அழிக்க நேர்ந்தது. அதன் பிறகு அந்த நாசில் கூம்பிலிருந்து மணி வடிவத்துக்கு மாற்றப்பட்டது. 2022 டிசம்பர் 20 அன்று ஐரோப்பாவின் வேகா-சி ராக்கெட்டின் இரண்டாம் நிலையில் தொண்டையில் பதித்த கார்பன்-கார்பன் (கார்பன் இழைகளைக் கார்பனாலேயே பிணைத்த பொருள்) வளையம் எதிர்பாராத அளவுக்கு அரித்துப்போனது. வளையத்தை வேறு கார்பன்-கார்பனால் செய்து 2023 ஜூனில் சோதித்தபோது நாசில் மறுபடியும் சிதைந்தது. புதிய பொருளின் வெப்ப, இயந்திரப் பண்புகளும் நாசிலின் வடிவமும் சேர்ந்து பக்கத்துப் பாகங்களைப் படிப்படியாகச் சிதைத்தன என்று விசாரணை முடிவு சொன்னது. மேலான பொருளைப் பழைய வடிவத்துக்குள் அப்படியே செருக முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. வடிவத்தைத் திருத்திய பின் 2024 டிசம்பர் 5 அன்று வேகா-சி மீண்டும் பறந்தது.

உயரத்துக்கு ஏற்பத் தானே மாறிக்கொள்ளும் நாசில் இல்லையா?

ஏரோஸ்பைக் என்னும் அமைப்பில் வெளிச்சுவரே கிடையாது. நடுவில் உள்ள முள்ளின் மேல் வாயு தவழ, வெளிக்காற்றே மறுபக்கச் சுவராகிறது. ஓட்டப் பிரிவு என்ற தொல்லை பெருமளவு நீங்குகிறது, ஆனால் குளிர்விக்க வேண்டிய பரப்பு பெருகுகிறது. நாசாவின் எக்ஸ்-33 விண்கலத் திட்டத்துக்காகச் செய்த இத்தகைய இன்ஜின் தரையில் எரிந்தது. 2001-இல் திட்டமே கைவிடப்பட்டதால் பறக்கவில்லை. சுவரில் ஒரு முறிவுக் கோடு வைத்து, தாழ்வாகப் பறக்கும்போது ஓட்டம் அந்தக் கோட்டிலேயே சீராகப் பிரியும்படி செய்யும் இரட்டை மணி வடிவமும் உண்டு. பிரிவை ஒழிக்காமல் அதற்கு ஓர் இடம் ஒதுக்கித் தரும் அந்த யோசனை எனக்குப் பிடித்தது. ஓட்டம் மேல் மணியிலிருந்து கீழ் மணிக்குத் தாவும் கணத்தின் பக்கவாட்டு விசையைத்தான் அங்கே அடக்க வேண்டியிருக்கிறது.

நாசிலில் விரிசல் கண்டால் முழுவதையும் மாற்றத்தான் வேண்டுமா?

எப்போதும் வேண்டாம். 2010 டிசம்பரில் பால்கன் 9 ராக்கெட்டின் இரண்டாவது பயணத்துக்குச் சற்று முன்பு, மேல்நிலை இன்ஜினின் நயோபியம் நீட்டிப்பில், அடி விளிம்பை ஒட்டி விரிசல்கள் தெரிந்தன. அந்தத் தகடு அரை மில்லிமீட்டருக்கும் மெல்லியதாகும் இடங்கள் உண்டு. விரிசல் விழுந்த பகுதியோடு அடியிலிருந்து சுமார் 1.2 மீட்டரை ஏவுதளத்திலேயே வெட்டி எடுத்தார்கள். பரப்பு விகிதம் குறைந்ததால் செயல்திறன் கொஞ்சம் குறைந்தது. அந்தப் பயணத்துக்கு அவ்வளவு திறன் தேவைப்படவில்லை. வெற்றிடத்தில் இயங்கும் நாசிலின் கடைசிப் பகுதி தரும் உந்துவிசை சிறிது என்பதாலும், அங்கே அழுத்தம் மிகக் குறைவு என்பதாலும் இது சாத்தியமாயிற்று. தொண்டையை ஒட்டி இதே விரிசல் இருந்திருந்தால் அந்த இன்ஜினைக் கழற்றியே ஆக வேண்டும். வெட்டிய நாசிலோடு அந்த ராக்கெட் டிசம்பர் 8 அன்று சுற்றுப்பாதையை எட்டியது.